மேற்குச் சுவரோரம்

டெம்போ வந்து சேர்வதற்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். தகரப்பெட்டியின் ஒரு காதை நல்லகாமனும் மறு காதைப் பக்கத்து வீட்டுச் சோணையும் பிடித்துத் தூக்கி வாசலைத் தாண்டினார்கள். அதன் பின்னால் அரிசி டிரம், மண்ணெண்ணெய் அடுப்பு, விறகுக் கட்டு, துணி மூட்டைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆரப்பாளையத்தில் மில்காரர்கள் குடியிருக்கும் அந்த லைனில் வீட்டுக்கு ஒரே அறைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் இவ்வளவும் எப்படி அடைந்து கிடந்தது என்று அவனுக்கே மலைப்பாக இருந்தது. எதிர்ச்சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் எழுதிவிட்டுப் போன சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே எல்லாவற்றையும் குவித்தார்கள். பெரிய பிள்ளைகள் நான்கு பேரும் அந்தக் குவியலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

கடைசியாக அவன் மனைவி ஜெயக்கொடி உத்தரத்திலிருந்து தொட்டில் சேலையை அவிழ்த்தாள். மூன்று மாதக் கைப்பிள்ளையைச் சோணையின் பெண்டாட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

"தெக்க தலை வச்சு, மேக்குச் சொவத்தோரமாப் போட்டா சரியா இருக்கும்" என்றாள் ராமக்காள். செத்துப்போன கருத்தக்கண்ணனின் தங்கை, நல்லகாமனுக்கு அத்தை. சேதி கேட்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் ஆளாக வந்து இறங்கியவள். காலியான அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வீடு நல்லா விசாலமாத்தான இருக்கு" என்றாள். ஜெயக்கொடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

சேதி காலையில் குழாயடியில் வரிசை நிற்கும் நேரத்தில் வந்தது. தங்கை மாயக்காளின் புருஷன் சுருளி திருப்பரங்குன்றத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். "மச்சான், மாமா போயிட்டாரு. காப்பியக் குடுக்கப் போயி எழுப்புனா எந்திரிக்கல" என்றான். அப்புறம் சற்றுத் தயங்கி, திறந்து கிடந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அங்கனயே எடுத்துருவமா? இங்க எடம்..."

"என்ன பேச்சு பேசுறீக மாப்ள? மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மக வீட்டு வாசல்ல இருந்தா எடுக்குறது? ஊரு காறித் துப்பாது? கொண்டாந்துருங்க."

கொஞ்சமும் யோசிக்காமல் வந்துவிட்டது அந்த வார்த்தை. அதைக் கேட்கத்தான் கருத்தக்கண்ணன் ஐந்து மாதமாக மகள் வீட்டில் காத்துக் கிடந்தார்.

முன்பெல்லாம் அவர் வாசற்படியை அடைத்துக் குறுக்கே படுப்பார். உள்ளே பிள்ளைகள் நான்கு பேர் புளிமூட்டை மாதிரி கிடப்பார்கள். ஐந்தாவதை ஏழு மாதம் சுமந்திருந்த ஜெயக்கொடி கொல்லைக்குப் போக எழுந்தால் மாமனாரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு அது கூச்சம். அவருக்கு அதைவிடக் கூச்சம். அவள் வளையல் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். பிறகு தூக்கமே பிடிக்காமல் விடியும்வரை பீடியோடு உட்கார்ந்திருப்பார். அவள் இதைப் பற்றிப் புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லகாமனுக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் கால் நீட்ட முடியாத எரிச்சல். அதை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது.

"அய்யா, ஜெயக்கொடிக்குச் சங்கட்டமா இருக்காம். பிள்ள பொறக்குற வரைக்கும் தங்கச்சி வீட்ல ஒரு பத்து நாள் இருந்துட்டு வாங்களேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். தன் பெயரில் சொல்ல நாக்கு எழவில்லை. பொண்டாட்டி பெயரில் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அவரும் மறுக்கவில்லை. "அதுக்கென்னப்பா, மாசமா இருக்க பிள்ள" என்றார். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

பிள்ளை பிறந்தது. முப்பது கழியட்டும் என்றான். பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பேரனைப் பார்க்க வந்தார். கையில் கல்கண்டுப் பொட்டலம். தோளில் துணிப்பை. அதற்குள் அவருடைய இரண்டு வேட்டியும் போர்வையும் இருந்தன. பார்த்துவிட்டுப் போக வந்தவர் போர்வை எதற்குக் கொண்டு வருகிறார் என்பது நல்லகாமனுக்குப் புரியாமல் இல்லை. அவர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடி அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். அவன்தான் எழுந்து சட்டையை மாட்டினான். "வாங்கய்யா, இருட்டுறதுக்குள்ள பஸ் ஏத்தி விட்டுர்றேன்" என்றான். ஜன்னலோர சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், "சரிப்பா, போயிட்டு வாரேன்" என்றார். அதுதான் கடைசி. இன்று காலையிலிருந்து அந்தப் பஸ் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

டெம்போ பத்தரைக்கு வந்தது. நான்கு பேர் இறக்கி மேற்குச் சுவரோரம் கிடத்தினார்கள். கை காலை நீட்டி, வாய்க்கட்டுக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, தாராளமாகப் படுத்திருந்தார். சுற்றி இருபது பெண்கள் உட்கார இடம் இருந்தது. மாயக்காள் தலைவிரி கோலமாக அப்பன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராமக்காள் ஒப்பாரி எடுத்தாள். அண்ணன் பெருமை பாதி, வந்தவள் வாசலை மூடிய கதை பாதி. கூட்டத்தில் இருந்தவர்கள் அந்த அடிகள் வரும்போது மூக்கைச் சிந்தியபடி ஜெயக்கொடியைப் பார்த்தார்கள். அவள் மூலையில் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

நல்லகாமன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பாடை கட்டுகிறவர்களுக்குக் கயிறு போதவில்லை என்று யாரோ சொல்ல, அதுதான் சாக்கு என்று கடைத்தெருப் பக்கம் நடந்தான். கயிறு வாங்கி வந்தபோதும் பாட்டு நின்றிருக்கவில்லை.

தத்தனேரிச் சுடுகாட்டில் காரியத்தை முடித்து, மொட்டைத் தலையோடு அவன் திரும்பும்போது மணி நாலரை. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேற்குச் சுவரோரம் தலை இருந்த இடத்தில் ராமக்காள் அகல் ஏற்றி ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருந்தாள். "பதினாறு நாளைக்கு அந்த எடத்துல யாரும் புழங்கக் கூடாது. சாமான் கீமான் எதையும் வச்சுராதீக" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.

வானம் மூடிக்கொண்டு வந்தது. வெளியே கிடந்த சாமான்களை உள்ளே சேர்க்க வேண்டும். சுருளி வேட்டியை மடித்துக் கட்டினான். கீழமாசி வீதி கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிறவன். எதை எங்கே வைத்தால் எது அதன்மேல் நிற்கும் என்று பார்வையிலேயே கணக்குப் போட்டான். டிரம்மை மூலையில் தள்ளினான். பெட்டிமேல் பெட்டி ஏற்றினான். அடிபோன அண்டா, காலில்லாத ஸ்டூல், கிழிந்த குடை எல்லாவற்றையும், "இது என்னத்துக்குக்கா?" என்று வெளியிலேயே விட்டான். இரண்டு ஆணி அடித்துப் பலகை போட்டுத் துணி மூட்டைகளை ஏற்றினான். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டது. மேற்குச் சுவரோரம் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் அப்படியே காலியாக இருந்தது.

"பாத்தீகளா மச்சான், எல்லாத்தையும் அடைச்சும் ஒரு ஆளு கால நீட்டிப் படுக்க..." என்று வேலை முடிந்த பெருமையில் ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மாயக்காள் அந்த இடத்தையே பார்த்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"இம்புட்டு எடம் இருந்துருக்கே மதினி. எங்கய்யா இங்கன ஒரு ஓரமாக் கெடந்துருக்க மாட்டாரா? சங்கட்டமா இருக்குன்னு சொல்லி அனுப்ப எப்படி மனசு வந்துச்சு?"

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"அய்யா பொய்யா சொல்லுவாரு? கோவமாக்கூடச் சொல்லல. மருமகளுக்குச் சங்கட்டமாம், அவ கூப்புட்டதும் போயிருவேன்னு தினமும் சொல்லிக்கிட்டு இருந்தாரே."

ஜெயக்கொடி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கோபமாகக் கூட இல்லை. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இப்போது கயிறு வாங்கப் போக வழியில்லை.

"அவ ஒண்ணும் சொல்லல ஆத்தா" என்றான் தங்கையிடம். "அவ பேரச் சொல்லி நாந்தான் அனுப்புனேன்."

மாயக்காள் வாயைப் பொத்திக்கொண்டு மதினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து சோணை வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. ஜெயக்கொடி எழுந்து பிள்ளைகளுக்குத் தட்டு வைத்தாள். அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். வெளியே தூறல் விழத் தொடங்கியது. ஆளுக்கொரு தட்டோடு எல்லோரும் கிழக்குச் சுவரோரம் முட்டியோடு முட்டி இடிக்க நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.