வலது பக்கம் சாயும் வண்டி

காலையில் எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை பல் தேய்த்தேன். பால் காய்ச்சி, காபி கலந்து, நின்றபடியே குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். மோட்டாரை நிறுத்தினேன். படுக்கையை மடித்தேன். துணியை ஊறவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, சட்டைக்கு இஸ்திரி தேவையில்லை. பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டேன். வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அத்தை வீட்டுக்கு நடந்தேன்.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் போகிறேன். வேறு எங்கே போவது என்று யோசித்ததில்லை.

அந்த வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில், மாமனார் விட்டுப்போன பழைய கார் நிற்கிறது. அவருக்குப் பிறகு அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவிதான். அவள் தம்பி, என் மச்சான், இரும்பு கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். எந்த இரும்பையும் எந்த இரும்போடும் ஒட்டுவான், கார் மட்டும் ஓட்ட வராது. எனக்கு அந்த வண்டியின் கிளட்ச் ஒத்துவராது.

காரின் தரைத் தகடு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. ஓடும்போது காலடியில் சாலை தெரியும். "இதுதான் நம்ம ஏசி" என்பாள் அவள். அறுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்று அவள் இருக்கும்போதே பேச்சு. அடுத்த மழைக்குள் வைக்காவிட்டால் ஓரச் சட்டங்களும் போய்விடும், அப்புறம் எடைக்குத்தான் போட வேண்டும் என்றான் மச்சான்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தால் பொறியெல்லாம் முகத்தில் கொட்டும். அதனால் வண்டியையே புரட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். முன்னால் ஒரு ஸ்டாண்ட், பின்னால் ஒரு ஸ்டாண்ட். பம்பர் மாட்டும் இடங்களில் பாடியைப் பிடித்து, குழாய்க்குள் குழாய் சுழலும்படி செய்தால், அந்தரத்தில் வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்தலாம்.

"கடையில கோழியைக் கம்பியில கோத்துச் சுத்த விடுவாங்கல்ல மாமா, அதேதான். நம்ம கோழி கொஞ்சம் பெருசு" என்றான் மச்சான். அதற்கு ராட்டினம் என்று பெயரும் வைத்தான்.

எஞ்சின், சக்கரம், கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றினோம். தரையை அறுக்கும்போது பாடி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, கதவு இருந்த இடங்களில் குறுக்குக் கம்பி வைத்தான். மிச்சம் இருந்தது சமநிலை. பாடியின் எடை மையம் எங்கே இருக்கிறதோ அங்கே சுழலும் குழாய் போக வேண்டும். குழாய் அதற்கு மேலே போனால், புரட்டிய பாடி திரும்பி வந்துவிடும். கீழே போனால் தானாகக் குப்புற விழும். சரியாக அமைந்தால் விட்ட இடத்தில் நிற்கும், ஒரு கையால் திருப்பலாம். நான் தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவன் அதன்படி பற்றவைத்தான்.

இந்த ஞாயிறு முதல்முறையாக, பாடி சுழலாமல் பிடித்திருந்த பூட்டு ஊசியை உருவினான். பாடி மெதுவாக வலது பக்கம் சாய்ந்து நின்றது. நேராக்கினோம். மறுபடி சாய்ந்தது.

"கணக்கு தப்பா மாமா?"

"கணக்கு சரி."

"அப்போ என் வெல்டிங் தப்பா?"

"அதுவும் சரி."

இருவரும் வண்டிக்குள் பார்த்தோம். ஓட்டுபவரின் இருக்கை உள்ளேயே இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றிய நான் அதை மட்டும் கழற்றவில்லை. மச்சானும் கேட்கவில்லை. அவள் குள்ளம். இருக்கையைக் கடைசிவரை முன்னால் தள்ளி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டவள் மாதிரி ஓட்டுவாள். இருக்கை இன்னும் அந்த இடத்தில்தான் இருந்தது. என் தாளில் வண்டி காலியாக இருந்தது.

"இடது பக்கம் வெயிட் பத்தல, அவ்வளவுதான்" என்றான் மச்சான், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து இடது பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டினான். "பாசஞ்சர் ஏறியாச்சு. பெல்ட்டும் போட்டாச்சு."

பாடி நேராக நின்றது. கால் சுற்றுத் திருப்பினேன், அப்படியே நின்றது. மச்சான் விசில் அடித்தான். இன்னும் திருப்பினேன். பாடி தலைகீழாகப் போகும் நேரம் மூட்டை கயிற்றிலிருந்து நழுவியது.

"விடாதீங்க மாமா!"

அவன் தோளைக் கொடுத்தான். நான் திருப்பும் கைப்பிடியில் தொங்கினேன். தலைமேல் மணல் கொட்டியது. இருக்கைக்கு அடியில், துணி கிழிவது மாதிரி தகடு கிழியும் சத்தம். எப்படியோ இழுத்து நேராக்கி ஊசியைச் செருகினோம். இருக்கையைச் சுற்றித் தரை விரிசல் விட்டிருந்தது.

சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். "என்னடா இது, மண்ணுல குளிச்சுட்டு நிக்கிறீங்க?"

"பாசஞ்சர் பாதியில இறங்கிட்டாரும்மா."

அத்தை சிரிக்கவில்லை. என் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அழுத்திப் பிடித்தாள்.

"போதும் தம்பி. நாளைக்கே இரும்புக் கடைக்காரனை வரச் சொல்றேன். அவ வண்டின்னுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். எனக்கு மிச்சம் நீங்க ரெண்டு பேர்தான். வண்டிக்கடியில உங்களையும் குடுக்க என்னால ஆகாது."

மச்சான் தரையைப் பார்த்தான். இனி ஒன்று இருக்கை, இல்லையென்றால் வண்டி. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவன் காத்திருந்தான்.

"கூப்பிட வேணாம் அத்தை. ஸ்பேனரைக் குடு மச்சான்."

பின்பக்கத்து போல்ட்டுகள் எண்ணெய் விட்டதும் வந்துவிட்டன. முன்பக்கத்து போல்ட்டுகள் இருக்கைக்கு அடியில் மறைந்திருந்தன. இருக்கையைப் பின்னால் தள்ளினால்தான் ஸ்பேனர் போகும். நான் குத்துக்காலிட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மச்சானுக்குப் புரிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நகர்த்த வேணாம் மாமா. சீட் நகர்ற தண்டவாளத்தோட சேர்த்து அறுத்துடறேன். அக்கா வச்ச இடத்துலயே இருக்கும். அப்படியே தூக்கிட்டுப் போய் உங்க வீட்டு ஹால்ல போட்டுக்கலாம்."

"போட்டு?"

"யாராச்சும் வந்தா உக்கார வைங்க. ரொம்ப நேரம் உக்கார மாட்டாங்க, சீக்கிரம் கிளம்பிடுவாங்க."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அறுக்கும் மெஷினைக் கையில் எடுத்திருந்தான். நான் சரி என்றால் அறுத்திருப்பான், அழகாகவும் அறுத்திருப்பான்.

"வேணாம்டா" என்றேன்.

இருக்கைக்கு அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தேடினேன். துருவில் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். அத்தை எதிர்ப்பக்கம் வந்து இருக்கையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நெம்புகோலைத் தூக்கினேன். முதலில் அசையவில்லை. பிறகு இருக்கை ஒரே இழுப்பில் பின்னால் போய் முட்டி நின்றது. நெம்புகோலிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

போல்ட்டுகளைக் கழற்றினேன். மூவரும் சேர்ந்து இருக்கையை இறக்கிச் சுவரோரம் வைத்தோம். மச்சான் ஊசியை உருவினான். பாடி எந்தப் பக்கமும் சாயவில்லை. "நீ தள்ளும்மா" என்றான். அத்தை பயந்து பயந்து உள்ளங்கையை வைத்தாள். அவ்வளவு பெரிய வண்டி அவள் கைக்குத் திரும்பியது. அவள் கையை எடுத்த இடத்தில் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. மச்சான் ஊசியைச் செருகிவிட்டு, எங்கே அறுப்பது என்று சாக்பீஸால் கோடு போடத் தொடங்கினான்.

அத்தை இருக்கையைப் பார்த்தபடி நின்றாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு அவதானே ஓட்டினா?"

"ஆமா அத்தை. என் கிளட்ச்சை நம்பி வந்தா வழியிலேயே போய்ச் சேர்ந்துடுவேன்னா." சின்ன ஆபரேஷன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"திரும்பி வரப்ப நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"இதுலயா? இப்படியே வச்சா?"

தலையாட்டினேன். அவள் என் கால்களைப் பார்த்தாள். பிறகு, இதுவரை யாரும் என்னிடம் கேட்காததைக் கேட்டாள்.

"உள்ள தள்ளிட்டுப் போறப்ப ஏதாச்சும் சொன்னாளா தம்பி?"

சாக்பீஸ் சத்தம் நின்றது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கார் சாவியை என் சட்டைப் பையில் போட்டாள். கதவு திறந்தது. தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதை அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

"சீட்டைப் பின்னாடி தள்ளிக்கங்க. முட்டி இடிக்கும்."