இரண்டாவது பூச்சு

முதல் பூச்சின் கடைசி வரிசையை அவர் அடித்துக்கொண்டிருந்தபோது பட்டறைக் கதவு ஒரு சாண் திறந்தது. மைத்துனி நின்றாள். அவர் திரும்பாமல் இடது கையை மட்டும் உயர்த்தினார். பலகையின் ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனை வரை கை நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் பூச்சு வழிந்துவிடும். அவள் காத்திருந்தாள். வரிசை முடிந்து ஸ்ப்ரே கன்னின் விசையிலிருந்து அவர் விரலை எடுத்ததும், "மாமா, அக்கா..." என்றாள். மீதி கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

கடிகாரத்தில் பத்து இருபது.

முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். மனைவி ஜன்னல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். கையுறையைக் கழற்றி அவள் நெற்றியில் கை வைத்தார். சூடு இன்னும் இருந்தது.

"எப்ப?"

"இப்பத்தான். தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேணாம்னு தலையாட்டினா. டம்ளர வச்சிட்டுத் திரும்பறேன், அவ்வளவுதான்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்று நாளாக அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். காலையில் அவரைப் பட்டறைக்கு விரட்டியது அவள்தான். "என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா அந்த மூஞ்சிய யாரு முடிக்கிறது? வெயில் இருக்கு, போய் அடிங்க."

அந்த முகம், காசு போட்டுக் குண்டை அடித்து விளையாடும் பழைய பின்பால் இயந்திரம் ஒன்றின் ஆட்டப் பலகையில் இருந்தது. கண்ணாடிக்கு அடியில் சரிவாகக் கிடக்கும் மரப்பலகை அது. அதன்மேல்தான் இரும்புக் குண்டு ஓடும். எண்பது கிராம் ஒரு கனமே இல்லை. ஆனால் குண்டு போகிற வழி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். முதலில் மெழுகு போகும், பிறகு மேற்பூச்சு, பிறகு வண்ணம். கடைசியில் மரம் தெரியும். தெரிந்த மரத்தில் கரித்தூள் ஏறிக் கறுத்துவிடும். இந்தப் பலகையில் கடலுக்குள் பாயும் ஒரு பெண்ணின் படம். அவள் முகத்தில் சரிபாதியைக் குண்டு தின்றுவிட்டிருந்தது.

பழுதாகி வரும் இயந்திரங்களில் ஒயரும் மோட்டாரும் அவர் பாடு, வண்ணம் மனைவி பாடு. முப்பது வருஷமாக அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு. அழுக்கெடுப்பதும் அவர்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாகத் துடைப்பார். தண்ணீர் ஆகாது, மரம் உப்பிவிடும். அதற்கே இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அவளால் பட்டறை வரை நடக்க முடியாமல் போயிற்று. பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே இரண்டு ஸ்டூல்களின்மேல் வைத்தார். முதுகுக்கு மூன்று தலையணை. பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி. மிஞ்சியிருந்த பாதி முகத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்து மறுபாதியை வரைந்தாள். தோலின் நிறத்தை மட்டும் பதினோரு முறை கலந்தாள். ஒருமுறை அவர் கலந்து கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "வெயில்ல நீந்துற பொம்பளைக்குக் காமாலை நெறமா? இது எனக்கு வேணா பொருந்தும்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. "சரி, சிரிக்காதீங்க" என்று அவளே சிரித்தாள்.

பத்து இருபத்தேழு.

"டாக்டருக்குப் போன் பண்ணும்மா" என்று அவர் எழுந்தார். "நான் பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"எங்க போறீங்க?"

"ரெண்டாவது கோட் அடிக்கணும்."

மைத்துனி அவரைப் பார்த்தாள்.

"மாமா, அக்கா இப்படிக் கிடக்கறா. பெயிண்ட் அடிக்கப் போறேங்கறீங்க."

"பெயிண்ட் இல்ல, கிளியர். நெறமில்லாத மேல்பூச்சு." சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் விளக்காமல் விடுவது அவருக்கு வராது. "முதல் கோட் சும்மா பனி மாதிரி. பிரஷ் போட்ட எடம் மேடா இருக்கும்ல, அத அது மூடாது. கால் மணிக்குள்ள ரெண்டாவது அடிச்சா ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கும். விட்டுட்டா இறுகிடும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேச்சாத்தான் அடுத்தது பிடிக்கும்."

"தேச்சுக்கலாமே. எங்க போகப்போகுது?"

"தேச்சா மொதல்ல மேடுதான் போகும். பாதி முகம் அவ போட்டது."

மைத்துனி அக்காவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஒருமுறை இழுத்தது போதாமல் மறுபடியும் இழுத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பாமலே, "போங்க" என்றாள்.

பட்டறையில் நெற்றியைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டினார். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டு, அதன் விளிம்பு முகத்தோடு படிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். ஈரப் பூச்சின்மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அந்த இடத்தில் மீன்கண் மாதிரிக் குழி விழும். கன்னின் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த கிளியர் இன்னும் தண்ணீராகத்தான் ஓடியது. கையைப் பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியின்மேல் விழ வேண்டும். முகம் வந்தபோதும் கை வேகம் மாறவில்லை. மாறக் கூடாது.

பத்து முப்பத்தைந்துக்கு முடிந்தது. கன்னைக் கழுவினார். கழுவாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது அதன் அடி விளிம்பில் தேங்கியிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மாலை, எல்லாம் முடிந்து வந்தவர்களும் போன பிறகு, பட்டறையைத் திறந்தார். விளக்கைப் பலகையின் ஓரத்தில் வைத்துச் சாய்வாக ஒளி விழச் செய்தார். மேடு பள்ளம் எதுவும் சாய்ந்த ஒளிக்குத் தப்பாது. பலகை குளம்போல் கிடந்தது. பெண்ணின் முகவாயருகே மட்டும் ஒரு விரல் ரேகை, சுழி சுழியாக, அச்சுப் பதித்ததுபோல.

ஊருக்குக் கிளம்பிய மைத்துனி பையோடு வாசலில் நின்றாள்.

"நான்தான் மாமா. நேத்து மத்தியானம் நீங்க டாக்டரோட பேசிக்கிட்டிருந்தீங்க. காஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"மத்தியானம்னா பிசுக்கா இருந்திருக்கும்."

"கைல ஒட்டுச்சு." விரல் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "கெட்டுப்போச்சா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு மாசம் காயட்டும். ரெண்டாயிரம் நம்பர் தாள், தண்ணி, அப்புறம் பாலிஷ். இப்ப மேல பூச்சு கனமா இருக்கு, தண்ணி மரத்துக்கு எறங்காது, தேச்சாலும் தாங்கும்." விளக்கைத் தலைக்கு நேராக உயர்த்தினார். ரேகை மறைந்தது. "நேராப் பாத்தா தெரியவும் இல்ல."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இதுல அக்கா போட்டது எந்தப் பாதி?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு, "நீயே பாரு" என்று விளக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அவள் பலகையின்மேல் குனிந்தாள்.