கொழுப்பு நுரை

தாடைக்குக் கீழே, சட்டைக் காலர் உரசுகிற இடம் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் எரிந்தது. கழுத்தைத் திருப்பினால் வலி, திருப்பாமல் வைத்திருந்தால் அரிப்பு. சொறிந்தால் நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பனியனில் துடைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். தலையணை உறையும் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வந்தது.

அவன் மனைவி அதை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் பிடித்து இழுத்தாள். காய்ந்த இரத்தம், காயாத சீழ், நடுவில் சுருண்ட ஒரு முடி.

"இதை நான் துவைக்க மாட்டேன், சொல்லிட்டேன். ஒண்ணு நீயே துவை, இல்ல கொளுத்திப் போடு."

"வேலையில இதைவிட நாறுறதை எல்லாம் அள்ளுறேன்டீ."

"அங்கயே அள்ளிட்டு வா. படுக்கைக்குக் கொண்டுவராதே."

அங்கே என்றால் கொழுப்பாலை. இறைச்சிக் கடைகள் வேண்டாமென்று தள்ளுகிற சவ்வு, தோலொட்டு, எலும்பில் ஒட்டிய வெள்ளை எல்லாம் லாரியில் வந்து இறங்கிக் கொதிகலனில் உருகித் தொட்டியில் தேங்கும். மேலே தெளிகிற கொழுப்பு பீப்பாயில் ஏறிச் சோப்புக் கம்பெனிக்குப் போகும். அடியில் தங்குகிற கசண்டு தொட்டிச் சுவரில் ஒரு சாண் கனத்துக்கு அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்ட ஆறு பேர் கொண்ட ஒரு குழு. ஏணியில் உள்ளே இறங்கி, இரும்புச் சுரண்டியைக் கீழிருந்து மேலாக, முழு உடம்பையும் சாய்த்து அழுத்தித் தள்ள வேண்டும். பதினான்கு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வருஷம்வரை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வேறோர் ஆலையில் ஒருவன் தொட்டிக்குள் வாயு தாக்கிச் சுருண்டு செத்த பிறகு இங்கே ரப்பர் முகமூடி வந்தது. ரப்பரின் விளிம்பு தோலோடு தோலாக ஒட்ட வேண்டும். இடையில் ஒரு நாள் தாடி இருந்தாலும் காற்று ஒழுகும். ஆகவே தினமும் சவரம் செய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

சவரத்துக்குச் சோப்பு வேண்டும். அங்கேதான் வந்தது வினை. அந்த ஆறு பேரில் ஒருவனும் முகத்துக்குச் சோப்பு போட மாட்டான். உடம்புக்கென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தேய்ப்பு தேய்த்துத் தண்ணீரை ஊற்றிவிடலாம். மூக்குக்கு நேர் கீழே அதை நுரையாகப் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் யார் நிற்பது? ஊரில் மற்றவர்களுக்கு அது மல்லிகை வாசம். இவர்களுக்கு மட்டும் அந்த வாசத்துக்கு அடியில் தொட்டி நாறும். பச்சைத் தண்ணீரைத் தொட்டு வழித்துக்கொள்வார்கள். மற்ற ஐந்து பேருக்கும் பூனை முடி, அதுவரை பிழைத்தார்கள். இவனுக்குக் கம்பி முடி, அதிலும் சுருண்டு வளர்கிற ரகம்.

பச்சைத் தண்ணீர். மாதத்துக்கு ஒரே பிளேடு. தொட்டிச் சுவருக்குக் கொடுக்கிற அதே அழுத்தம், அதே கீழிருந்து மேல். வழித்து முடித்த ரணத்தின் மேல் ஸ்பிரிட் வேறு. மூன்றே மாதத்தில் கழுத்து முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிட்டது. வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே திரும்பிக்கொண்ட முடி ஒவ்வொன்றும் ஒரு சீழ்க்கட்டி. குழு அவனுக்குப் 'பாகற்காய்' என்று பெயர் வைத்தது.

திங்கட்கிழமை முகமூடிச் சோதனை. பாதுகாப்பு அதிகாரி, முகமூடி மாட்டியவன் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, ஓட்டை வழியாகக் கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார். நாக்கில் கசந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். இரண்டாவது பீய்ச்சலிலேயே அவன் தொண்டைவரை கசந்தது.

"கசக்குதா?"

"கசக்குது சார்."

"பாகற்காய்க்கே கசக்குதாம்டோய்!" என்றான் வரிசையில் பின்னால் நின்ற நெட்டையன். எல்லாரும் சிரித்தார்கள்.

அதிகாரி கூண்டைத் தூக்கி, அவன் தாடையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். "புண்ணை விட்டுட்டுச் சுத்தி வழிச்சிருக்கீங்க. தீவு தீவா முடி நிக்குது. அது வழியாத்தான் ஒழுகுது. அடுத்த வியாழக்கிழமை மறுபடி பார்ப்பேன், அதுவரைக்கும் வெளியில பீப்பாய் உருட்டுங்க. அப்பவும் கசந்தா இனிமே உங்களைத் தொட்டிக்குள்ள விட முடியாது. தொட்டிக்குள்ள இறங்காத ஆளுக்கு இங்க நிரந்தரமா வேற இடமும் கிடையாது."

"பதினாலு வருஷம் தொட்டியைச் சுத்தம் பண்ணினே," என்றார் மேஸ்திரி, "உன் மூஞ்சியைச் சுத்தம் பண்ணத் தெரியலையேடா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி யோசிக்கக்கூட இல்லை. "உன் தங்கச்சிகிட்டப் போ."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. அறுவைச் சிகிச்சைக்குப் போகிற நோயாளிகளுக்கு, கத்தி படப்போகிற இடத்தில் முடி மழித்துச் சுத்தம் செய்வது அவள் வேலை. வயிறு, தொடை, அக்குள், மண்டை, எதுவும் விலக்கில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவன் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அவள் எழுந்து அவன் தட்டில் சோறு போட வந்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டான். "கண்டவன் மயிரை வழிக்கிற கை. எனக்குப் போடாதே" என்றான். மைத்துனன், மைத்துனன் பெண்டாட்டி, குழந்தைகள் எல்லாரும் கேட்டார்கள். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள்தான். அதன் பிறகு அந்த வாசப்படியை மிதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக் குடியிருப்பில் அவள் கதவைத் தட்டினான். திறந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கழுத்தைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. ஸ்டூல்ல உக்காருங்க."

வாங்க, போங்க. சின்ன வயசிலிருந்து வாடா போடா என்று மட்டும்தான் சொல்லவில்லை, மற்றபடி நீ, வா, போ என்று பேசினவள். இப்போது வார்டில் முன்பின் தெரியாத நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். பெட்டியிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து, சட்சட்டென்று இழுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் அவன் தாடையைத் தொட்டாள்.

"இது தோலா? எங்க வார்டுல படுக்கைப்புண்ணு இதைவிட லட்சணமா இருக்கும். எதுல வழிக்கிறீங்க, தேங்காய்த் துருவியிலயா?"

"பிளேடுலதான்."

"எத்தனை நாளைக்கு ஒரு பிளேடு?"

"மாசம்..."

"மாசமா! அதுல ரொட்டிகூட வெட்ட முடியாது." அவள் ஒரு கொப்புளத்தை ஓரத்தில் அழுத்திப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்தான். "நகத்தால பிதுக்கினீங்களா? ஊக்கால குத்தினீங்களா? ரெண்டுமா? பிரமாதம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பிளேடே கூடாது. காலையும் சாயங்காலமும் துணியை வெந்நீர்ல நனைச்சுப் பொறுக்கிற சூட்டுல ஒத்தி எடுங்க. ஸ்பிரிட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க. புண்ணுல கை பட்டுச்சுன்னா நான் பாக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில வாங்க."

கதவைச் சாத்தும்போது கையுறையை உரித்து வாளியில் போடுகிற சத்தம் கேட்டது. தன்னைத் தொட்ட கையுறை. தட்டைத் தள்ளியபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரு முனைவரை யோசித்தவன், அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

அந்த நாட்களில் தாடி முளைத்த பாகற்காயாக அவன் வெளியே நின்று பீப்பாய் உருட்டினான். தொட்டிக்குள் நெட்டையன் அவன் சுரண்டியை வைத்துக்கொண்டு சுரண்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சீழ் வடிந்து, கொப்புளங்கள் அமுங்கியிருந்தன. தங்கை சன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு கிண்ணம் வெந்நீர், பிரஷ், புதுப் பிளேடு போட்ட ரேசர், ஒரு வட்டச் சோப்பு.

முதலில் வெந்நீர்த் துணியை முகத்தில் போட்டு நூறுவரை எண்ணச் சொன்னாள். "காஞ்ச முடி கம்பி. ஊறின முடி புல்லு. எதை வெட்டுறது சுலபம்?" பிறகு அவன் கையைப் பிடித்துக் கன்னத்தில் மேலும் கீழும் தடவ வைத்தாள். "எந்தப் பக்கம் தடவினா வழவழங்குது? அதுதான் முடி போற பக்கம். பிளேடும் அந்தப் பக்கம்தான் போகணும். கழுத்துல பாருங்க, இடது பக்கம் கீழ போகுது, வலது பக்கம் குறுக்க போகுது. இது தெரியாம எல்லாத்தையும் மேல பார்த்துத் தள்ளினா, முடி அறுந்து உள்ள போய்க் குத்தாம என்ன செய்யும்?"

பிரஷை நனைத்துச் சோப்பில் சுழற்றினாள். நுரை கெட்டியாக, பளபளவென்று பொங்கியது. அதை அவன் மோவாயில் வைத்து வட்டமாகத் தேய்த்தாள்.

வெந்நீரின் ஆவியில் அதன் வாசம் எழும்பியது. மேலே ஏதோ பூ. அதற்கு அடியில் இளஞ்சூடான கொழுப்பு. உருகும்போது குடல் சவ்வு விடுகிற அந்த இனிப்பு நாற்றம். உதட்டில் ஒரு சொட்டு பட்டது. தொட்டியின் வழவழப்பு நாக்குவரை வந்துவிட்டது போலிருந்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடி, குழாயடியில் காலையில் குடித்ததையெல்லாம் கக்கினான். நுரையும் எச்சிலும் சளியும் ஒன்றாகத் தாடியில் தொங்கின.

தங்கை தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டாள். "என்ன?"

"அது எங்க சரக்கு."

"எது?"

"சோப்பு. நான் சுரண்டுற தொட்டியிலேர்ந்துதான் போகுது. அதுல என்னென்ன கிடக்கும்னு சொன்னா நீ சோறு தின்ன மாட்டே."

அவள் வட்டச் சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் கேட்கிற சிரிப்பு.

"பதினோரு வருஷமா அறுக்கப்போற ஆளுங்க வயித்துல எல்லாம் இதைத்தான் தடவிக்கிட்டு இருக்கேன். உன் குப்பையா அது? நல்லாத்தான் இருக்கு நம்ம குடும்பத் தொழில்!" நீ என்று சொல்லிவிட்டதை அவளும் கவனிக்கவில்லை. "இங்க பாரு அண்ணே. குடலைச் சரிச்சுக்கிட்டு வர்றவன், மலத்துலயே கிடந்தவன், எல்லாரையும் நான் தொடுறேன். முதல் மாசம் தினமும் கக்கினேன். அப்புறம் ஒண்ணு கத்துக்கிட்டேன். வாயால மூச்சு விடு, கையில கவனத்தை வை. வியாழக்கிழமை வேலை வேணுமா, வேணாமா?"

அவன் வந்து உட்கார்ந்தான்.

கையுறை ஈரமாகி வழுக்கியது. அவள் அதை உரித்துப் போட்டுவிட்டு வெறுங்கையால் அவன் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். மறுபடி நுரை. வாயால் மூச்சு விட்டான். ரேசர் காதோரத்திலிருந்து கீழே இறங்கியது. அழுத்தம் என்பதே இல்லை. அதன் சொந்தக் கனத்திலேயே, விரற்கடை நீளத்துக்கு மேல் போகாமல், இறங்கி இறங்கி நின்றது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை கிண்ணத்தில் முக்கி எடுத்தாள். விட்டுப்போன இடத்தை நுரையில்லாமல் தொடவில்லை. மறுபடி பூசி, மறுபடி வழித்தாள். கிண்ணத்தில் சாம்பல் நிறக் கஞ்சியில் முடித்துண்டுகள் மிதந்தன. பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

பிளேடு குரல்வளைக்கு வந்தபோது அவள் சொன்னாள்: "கண்டவன் மயிரை வழிக்கிற கை. நல்லாப் பாத்துக்க."

அவன் கண்ணைத் திறந்தான். வாயும் திறந்தது.

"பேசாதே. தோலு ஆடும்."

பேசாமல் இருந்தான். பேச வேண்டியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியே கேவலமாக இருந்தது.

இடது பாதியை அவள் முடித்தாள். வலது பாதியை அவன் கையில் கொடுத்தாள். முதல் இழுப்பிலேயே அவன் தோள் தானாகச் சாய்ந்தது. பளாரென்று மணிக்கட்டில் அடித்தாள். "தொட்டி இல்ல இது, மூஞ்சி!" கடைசியில் குளிர்ந்த தண்ணீர், ஒத்தி எடுக்க ஒரு துணி. தேய்க்கக் கூடாது. எரிச்சல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் அவனாகவே வழித்தான். மூன்று நாளும் குமட்டியது. ஒரு நாள்தான் கக்கினான்.

வியாழக்கிழமை கூண்டுக்குள் பத்துப் பீய்ச்சல். தலையை இடம் வலம் திருப்பச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள், சத்தமாக எண்ணச் சொன்னார்கள். ரப்பர் வாசனை தவிர ஒன்றுமில்லை.

"கசக்குதா?"

"இல்ல சார்."

"பாகற்காய் பழுத்துடுச்சுடா," என்றான் நெட்டையன், சுரண்டியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே.

அன்றைக்குத் தொட்டிக்குள் எட்டு மணி நேரம் சுரண்டினான். சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனான். பாஸாகிவிட்டதைச் சொன்னான். அவள் தட்டைக் கழுவி வைத்துச் சோறு போட்டாள், வெறுங்கையால். போட்டுவிட்டு அவன் எதிரே சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவன் சாப்பிட்டான். விரலிலிருந்து தொட்டி நாறியது. முழுத் தட்டையும் சாப்பிட்டான்.

"உங்க அண்ணி தலையணை உறை புதுசா வாங்கியிருக்கா," என்றான்.

"உம்."

"நெட்டையனுக்கும் கொப்புளம் கிளம்புது. சோப்பு போடுடான்னா அடிக்க வர்றான்."

"உம்."

"பிளேடு எத்தனை தடவைக்கு அப்புறம் மாத்தணும்?"

"நாலு. அஞ்சுக்கு மேல போகாதே," என்றாள் அவள். பிறகும் அங்கேயே நின்றாள், இன்னும் ஏதோ வர வேண்டியிருப்பதுபோல். அவன் கை கழுவினான், செருப்பை மாட்டினான், வர்றேன் என்றான்.

ஒரு மன்னிப்பு, பத்துப் பேர் எதிரில் சொன்னதற்கு. நாலு வருஷமாக அவளிடம் கேட்க வேண்டியது. இன்னும் கேட்கவில்லை.