கண்ட்ரோல் கூண்டு

பனியன் கம்பெனி வைத்தவனுக்கு வயிற்றில் புண் இல்லாவிட்டால்தான் அதிசயம் என்று ராயபுரத்தில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கா எரிகிறது? கிட்டுசாமிக்கல்லவா எரிந்தது! கோயமுத்தூர் டாக்டர், பாதி இரைப்பையை வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மனுசன் ஆடிப்போய்விட்டார்.

கை கொடுக்க வந்தவன் மச்சினன் ஆத்தப்பன், மருந்துக் கல்லூரி வாத்தியார். மணத்தக்காளி இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த கறுப்புச் சாறு வயிற்றுப்புண்ணைத் தடுக்கிறதா என்று வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி. கல்லூரியில் இடமில்லை என்று எலிகள் கிட்டுசாமியின் நூல் குடோனுக்கு வந்து சேர்ந்தன.

"புண்ணு வரவைக்கற மாத்திரைத் தூளு ரெண்டு கூண்டுக்கும் குடுக்கோணும், மச்சான். இந்தக் கூண்டுக்குச் சாறும் உண்டுங்க. அந்தப் பக்கம் இருக்கறது கண்ட்ரோல் கூண்டு, மறந்துறாதீங்க."

"சாறு கேட்டுதுன்னா எனக்கு ஆப்பரேசன் வேண்டாமா, மாப்ள?"

"டாக்டர்கிட்ட நானே பேசறனுங்க," என்றவன் பஸ்ஸுக்கு ஓடினான்.

கண்ட்ரோலைப் பற்றிக் கிட்டுசாமிக்கா சொல்லித்தர வேண்டும்? நூலுக்குக் கண்ட்ரோல் இருந்த காலத்தில் ஊர்க் கம்பெனிகளுக்கெல்லாம் கோட்டா பிரித்துக் கொடுத்தவர். கண்ட்ரோல் என்றால் இருப்பதை அளந்து ஆளுக்குச் சமமாகப் பங்கு வைப்பது. சொந்தச் சம்பந்தி வந்து கெஞ்சியபோதும் அவர் அளவு மாறவில்லை. கண்ட்ரோல் கூண்டு என்றால் அதற்கும் பங்கு உண்டு என்றுதானே அர்த்தம்?

ஆகவே சாற்றைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு கூண்டுக்கும் தன் கையாலேயே ஊற்றினார்.

"ஏனுங்க, தம்பி அப்புடியா சொன்னான்?" என்று கேட்டாள் மனைவி மயிலாத்தாள்.

"உனக்கு என்ன தெரியும்? மாத்திரை ரெண்டு பேருக்கும், மருந்து ஒருத்தனுக்கு மட்டுமா? எந்த ஊரு நாயம் அது?"

ஆத்தப்பன் திரும்பி வந்து எலிகளின் வயிற்றைக் கீறிப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று.

"ரெண்டு கூண்டுலயும் ஒரே மாதிரி லேசான புண்ணுங்க, மச்சான். ஒரு வித்தியாசமும் இல்லீங்க. சாறு ஒண்ணுத்துக்கும் ஆகாது."

கிட்டுசாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாருங்கள், ஒரு வித்தியாசமும் இல்லை என்று கேட்டபோது மனசில் ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது.

ஆப்பரேசன் முடிந்தது. மயிலாத்தாள் கரண்டியில் அளந்து வடிகஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த ஆத்தப்பன் கட்டிலருகே தயங்கி நின்றான்.

"ஒண்ணுதானுங்க புரியல. அத்தன மாத்திரைக்கு, சாறே குடிக்காத எலிக்குப் புண்ணு பெருசா வந்திருக்கோணும். எப்புடி லேசா வந்துச்சு?"

"குடிக்காத எலியா?" கிட்டுசாமிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "யாரைப் பாத்து என்ன பேசற மாப்ள? கண்ட்ரோல்ல நான் ஓரவஞ்சன பண்ணுவனா? ஒரு சொட்டு கூடக் கொறைய இல்லாம ரெண்டு கூண்டுக்கும் ஊத்துனனாக்கும்!"

ஆத்தப்பன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"கண்ட்ரோல்னா சாறு குடுக்காம வெக்கறதுங்க, மச்சான். அப்பத்தான் குடிச்சதோட ஒப்பிட்டுப் பாக்க முடியும். நீங்க ரெண்டுக்கும் ஊத்தி, ரெண்டுக்கும் லேசா வந்திருக்குதுன்னா… சாறு வேலை செஞ்சிருக்கும் போலிருக்குதுங்க."

கிட்டுசாமியின் கை வயிற்றுக் கட்டின் மேல் போய் நின்றது. மச்சினனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"மயிலா," என்றார் மெதுவாக, "வெட்டி எடுத்தத எங்க வெச்சிருக்கறாங்கன்னு டாக்டரக் கேட்டுட்டு வா."