எட்டுத் துண்டுப் பட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்மணிகளே. ஜன்னலோரம் இருக்கிற பிள்ளையும் வரட்டும், பாயில் இடமிருக்கிறது. தூக்கத்தைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதையையும், அதைத் தேடித் தவித்த அவள் தாயின் கதையையும் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கினால் சொக்கட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பினாங்கில் பர்மா ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு வரிசை வீட்டில் கமலாம்பிகை குடியிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் விநாசித்தம்பி துறைமுகக் கந்தோரில் கிளார்க்கு. ஒரே மகள் யோகலட்சுமி, வீட்டில் கூப்பிடுவது யோகம் என்று. அந்த வருஷம் அவள் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுத வேண்டும். பெண்பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவது அபூர்வமாக இருந்த காலம் அது. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதித் தேற வேண்டும். முதல் தாளுக்குப் போகாவிட்டால் அந்த வருஷமே போச்சு.

விநாசித்தம்பி ஊரில் படித்த நாளில் குடுமியைச் சுவர் ஆணியில் கட்டிக்கொண்டு படித்தவர். தலை சாய்ந்தால் மயிர் சுண்டி இழுக்கும், தூக்கம் ஓடிவிடும். அப்படிப் படித்ததால்தான் தனக்கு உத்தியோகம் கிடைத்தது என்பது அவருடைய தீர்மானம். மகளின் பின்னலையும் தன் கையாலேயே ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். கமலாம்பிகை கட்டிக் கோப்பியாகப் போட்டுப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஆசையோடுதான் செய்தார்கள், பாவம்.

முதலில் தூக்கம் வாசலில் நின்று கெஞ்சியது. பிறகு கோபித்துக்கொண்டு போயே போய்விட்டது. பின்னலை அவிழ்த்துவிட்டுப் பாயில் போட்டாலும் யோகத்தின் கண் மூடவில்லை. காலையில் திறந்த பக்கம் மாலையிலும் அப்படியே விரிந்து கிடக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. காரணமில்லாமல் கண்ணிலிருந்து நீர் வழியும், துடைக்கவும் தோன்றாது. கமலாம்பிகை செத்தல் மிளகாய் சுற்றி நாவூறு கழித்தாள். பாலில் சாதிக்காய் உரைத்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு நித்திரையே இல்லை" என்று புருஷனிடம் சொன்னாள்.

"அது நல்லதெல்லே! எனக்கு அந்தக் கொடுப்பினை இருந்திருந்தா, இப்ப வெள்ளைக்காரன்ர கதிரையில இருந்திருப்பன்."

கோயிலிலும் போய்ப் பெருமையடித்தார்: "என்ர மகள் கண் மூடுறதே இல்லை." கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். ஊரே மெச்சுகிற ஒன்றை வியாதி என்று கமலாம்பிகை யாரிடம் போய்ச் சொல்வாள்? எந்த வைத்தியரைக் கேட்பாள்?

வெளியாரில் அதைக் கண்டுகொண்டவள் அடுத்த வீட்டுச் சீனப் பெண் கிம் லியான். யோகத்தின் வகுப்புத் தோழி. சந்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் அவள் வாயில் சரளமாக வரும்.

"ஐயோ யோகம், பாசார்ல மிஞ்சிப்போன மீனு மாதிரி இருக்கே லா! தூங்கறதே இல்லையா நீ?"

யோகம் அழுதுவிட்டாள். கிம் லியான் அவளைப் பின்முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய அண்ணன் சீனர்களின் தேகப்பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்து ஒரு மெதுவான பயிற்சி கற்றிருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து இவளும் பழகியிருந்தாள். அதன் பெயர் எட்டுத் துண்டுப் பட்டு. எட்டு அசைவுகள். ஆகாயத்தை இரண்டு கையாலும் தாங்குவதுபோல் ஒன்று, வில்லை வளைப்பதுபோல் ஒன்று, போன வழியைத் திரும்பிப் பார்ப்பதுபோல் ஒன்று. கடைசியில் குதிகாலைத் தூக்கி மெல்லத் தரையில் விடுவது. ஒவ்வொன்றும் மூச்சோடு சேர்ந்து போகவேண்டும்.

யோகம் என்ன செய்தாள் தெரியுமா? அன்று மாலைக்குள் எட்டையும் நெட்டுருப் போட்டுவிட்டாள்! வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி படபடவென்று கையை வீசினாள். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று.

"ஏய், யாரு உனக்கு மார்க்கு போடப் போறா?" கிம் லியான் சிரித்தாள். "பெலான் பெலான் லா! மெதுவா. பட்டுத் துணிய இப்படியா இழுப்பே? கிழிஞ்சிடும்."

"எட்டும் பிழையில்லாமச் செய்தனான். ஏன் இன்னும் நித்திரை வரேல்லை?" என்று யோகம் கேட்டாள். தேறாமல் போன பிள்ளையின் குரல் அது. அடுப்படியில் நின்ற கமலாம்பிகைக்கு அந்தக் குரல் நெஞ்சில் குத்தியது.

அந்த நேரம் பார்த்து விநாசித்தம்பி கந்தோரிலிருந்து வந்துவிட்டார்.

"இதென்ன கூத்து? கையைத் தூக்கிக் காட்டு எண்டு பரீட்சையில கேக்கப் போயினமோ?"

கிம் லியான் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள். யோகம் புத்தகத்துக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை.

பரீட்சை நாள் விடிந்தது. கமலாம்பிகை எழுந்து பார்த்தால் மகளின் பாய் வெறுமையாகக் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. ஓடினாள். முற்றத்துக் கிணற்றின் சுற்றுக்கட்டின்மேல் யோகம் உட்கார்ந்திருந்தாள், கால்கள் உள்பக்கம்.

கத்தினால் திடுக்கிட்டு வழுக்கிவிடுவாளே! கமலாம்பிகை சத்தமில்லாமல் நடந்துபோய் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள்.

"அம்மா, படிச்சது ஒண்டும் தலையில இல்லை. என்ர பேரைக்கூட எழுத வராது போல கிடக்கு. செத்தால் எண்டாலும் நித்திரை வருமோ அம்மா?"

கமலாம்பிகைக்குத் தேற்றவும் தெரியவில்லை, திட்டவும் தெரியவில்லை. பிள்ளையை அந்தக் கட்டைவிட்டு இறக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கிம் லியான் காட்டித் தந்ததை எனக்கு ஒருக்காக் காட்டு மோள். எனக்கும் நித்திரை இல்லை."

அது பொய்யில்லை. மகள் விழித்துக் கிடந்த இரவெல்லாம் தாயும் பக்கத்தில் விழித்துத்தான் கிடந்தாள். யோகம் அம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது. காலை இந்தப் பக்கம் போட்டு இறங்கினாள்.

கமலாம்பிகை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஆகாயத்தைத் தாங்கச் சொன்னால் தோள் பிடித்துக்கொண்டது. வில்லை வளைக்கச் சொன்னால் முழங்கால் முறுமுறுத்தது, கை மாறிப் போனது.

"அம்மா, அம்பு உங்கட மூக்குக்கெல்லே வருது!"

"வரட்டும், மூக்குத்தியில பட்டுத் தெறிக்கும்" என்றாள் தாய்.

யோகத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அம்மாவால் வேகமாகச் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு அசைவிலும் மகள் காத்து நிற்க வேண்டியிருந்தது. அம்மாவின் கை ஏறும்வரை அவள் மூச்சும் ஏறியது, கை இறங்கும்வரை மூச்சும் இறங்கியது. முதல் சுற்றில் தோள்பட்டை தளர்ந்தது. அடுத்ததில் கொட்டாவி வந்தது. குதிகாலைத் தரையில் விட்டுவிட்டு அடுப்படிப் படியில் உட்கார்ந்தார்கள். யோகத்தின் தலை சரிந்து தாயின் மடியில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது.

கமலாம்பிகை அசையவில்லை. கால் மரத்தது. வெயில் படிக்கு வந்தது. வாசலில் ரிக்சாக்காரன் மணியடித்தான்.

விநாசித்தம்பி கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றார். "என்ன இது! எழுப்பும் அவளை, நேரமாச்சு!"

"எழுப்பமாட்டன்."

"உமக்கென்ன விசரே? ஒரு வருஷம் போகுது!"

"வருஷம் போகட்டும்." கமலாம்பிகை புருஷனை அப்படி நிமிர்ந்து பார்த்ததே இல்லை. "விடிய இவள் கிணத்துக் கட்டில காலைப் போட்டுக்கொண்டு இருந்தவள். செத்தால் எண்டாலும் நித்திரை வருமோ எண்டு கேட்டவள். இப்ப வந்திருக்கு. நீங்கள் எழுப்பிறதெண்டால் எழுப்புங்கோ."

விநாசித்தம்பி கிணற்றைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கையை நீட்டியவர், அவள் தோளுக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொண்டார். வாசலில் மறுபடி மணி கேட்டது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

"தா பாயா, வேண்டாம், நீ போ! மணியடியாதை!" என்று ரிக்சாக்காரனிடம் ரகசியக் குரலில் கெஞ்சினார். அவன் போன பிறகும் உள்ளே வரவில்லை. கோட்டும் தொப்பியுமாக வெறுங்காலோடு வாசலிலேயே நின்று, வருகிற வண்டிக்காரர்களையெல்லாம் மெதுவாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

எல்லாம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். தூக்கம் வராத நாட்கள் பிறகும் வந்தன. ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. ஆனால் பகல் சாயும்வரை அந்தப் பிள்ளை அன்றைக்குத் தூங்கினாள்.

கண்மணிகளே, உங்கள் வீட்டு விளக்குகள் நேரத்தோடு அணையட்டும். உங்கள் தலை சாய ஒரு மடி எப்போதும் இருக்கட்டும். அந்த மடிக்குச் சொந்தக்காரர்களும் நிம்மதியாய்க் கண்மூடி, நல்லபடியாய் விழித்து, நீடூழி வாழட்டும்.