மீதி ஐந்நூறு

மனைவிக்கு அவன் தர வேண்டியிருந்தது சரியாக ஐந்நூறு ரூபாய். நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பதில் மற்றதெல்லாம் அடைந்துவிட்டது. சம்பள நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, டீக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் அடைத்திருந்தான். இந்தக் கடைசி ஐந்நூறை மட்டும் அவள் வாங்க மறுத்தாள். அந்த நோட்டு மாதக்கணக்கில் அவன் சட்டைப் பையில் கிடந்து வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

"இந்தா, வாங்கிக்கோ. கணக்கை முடி."

"இப்ப வேணாம்."

"எப்பத்தான் வேணும்?"

"வேணும்னா நானே கேப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுப்பைத் துடைக்கப் போய்விடுவாள்.

அவனுக்குச் சாரம் கட்டும் வேலை. கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, பலகை போட்டு, கொத்தனாரும் பெயிண்டரும் நிற்க இடம் செய்து கொடுப்பான். வேலை முடிந்ததும் முதலில் கழற்றி எறியப்படுவதும் அவன் கட்டியதுதான். அவள் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்பவள். விடிந்தால் போதும், யாரோ படுத்துக் கலைத்த கட்டிலை யாரோ வந்து படுப்பதற்காக நேராக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு காலண்டரில் பெரிய வெள்ளைக் கப்பல் படம் இருந்தது. "ஒருநாள் உன்னை இதுல கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று அள்ளிவிட்டான். புது மாப்பிள்ளை வாய்க்கு என்ன பூட்டா போட முடியும்? ஆனால் அவள் அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். மகளைக் கட்டிக்கொடுத்து, அந்தக் கல்யாணக் கடனையும் அடைத்து, தலை நரைத்த பிறகு இரண்டு பேருமாகச் சேர்த்த பணத்தில் சீட்டு வாங்கினார்கள். வெயில் நாட்டுத் தீவுகளைச் சுற்றி வரும் கப்பல். அதில் ஏறும்போது அவள் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். அத்தனை சுத்தமாக இருந்தது தரை.

ஏறிய அன்றே அவளுக்குத் தலை சுற்றி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. இரண்டு நாள் அறையை விட்டு எழவில்லை. அந்த அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்தான் எலுமிச்சையும் உப்பும் கொண்டுவந்து கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டாள். அவன் பார்த்துக்கொள்ளவில்லை. "நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் படுத்திருக்கேன்" என்று அவள் சொன்னதும் போய்விட்டான். ரெண்டாவது தடவை சொல்லக்கூட விடவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவனுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு நகைக்கடைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"கட்டட வேலைங்க."

"ஓ, பில்டரா!"

வாயில் கவளம் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. நினைத்திருந்தால் அதைத் திருப்பிப் பிடித்திருக்கலாம். அவன் நினைக்கவில்லை. இன்னொரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

கப்பலில் எதற்கும் பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. கேட்டதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு சின்னத் தாளையும் பேனாவையும் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் போதும். அவன் நாற்பது வயதுவரை கைநாட்டு. தொழிலாளர் சங்கத்தில் மாலையில் நடந்த வகுப்பில் உட்கார்ந்து, சிமெண்டு வெடித்த விரலால் எழுத்துக் கற்றவன். அவனுடைய கையெழுத்தை இத்தனை மரியாதையாக, குனிந்து நின்று, யாரும் அதுவரை கேட்டதில்லை. நகைக்கடைக்காரருக்குக் குடிக்க ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று, பக்கத்து மேசைப் பல் டாக்டருக்கு ஒன்று என்று வரவழைத்தான். போட்டான், போட்டான், கடைசி எழுத்தின் வாலை நன்றாகச் சுழித்துவிட்டுப் போட்டான். அது பணம் என்று தெரியாது என்றால் அது பொய். தெரியும். எவ்வளவு என்றுதான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், நகைக்கடைக்காரரும் மனைவியும் அவனுமாக அறைகள் இருக்கும் நடை வழியாக வந்துகொண்டிருந்தார்கள். ஓர் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலின் இந்தப் பக்கம் அந்தச் சுத்தம் செய்யும் பெண், அந்தப் பக்கம் அவன் மனைவி. பழைய நைட்டி, தலையில் துண்டு. இருவரும் விரிப்பை உதறி, காற்றில் தூக்கி, மெத்தையில் இறக்கி, மூலைகளைச் செருகிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வாந்தி நின்று அவள் முகம் தெளிந்திருந்தது. உடம்பு நிமிர்ந்ததும் உதவிய பெண்ணுக்குக் கை கொடுக்க வந்துவிட்டாள். வேறென்ன செய்வாள், அதுதான் அவளுக்குத் தெரிந்த நன்றி.

நகைக்கடைக்காரர் மனைவி வாசலில் நின்றாள்.

"இந்தாம்மா, எங்க ரூம்ல ரெண்டு துண்டு கூட வை. நேத்தும் சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

சொன்னது அவன் மனைவியிடம். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லுங்க என்று இடம் விட்ட பார்வை அது. அவன் சுவரில் மாட்டியிருந்த மீன் படத்தைப் பார்த்தான். எத்தனை மீன் என்று எண்ணுகிறவன் மாதிரி பார்த்தான்.

"சரிங்கம்மா" என்றாள் அவன் மனைவி.

அடுக்கிலிருந்து இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். அறைக்குள் வைத்துவிட்டுத் திரும்பியவள் கையில் நகைக்கடைக்காரர் மனைவி ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை அழுத்தினாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள். அவன் மனைவி அதை மடித்து வைத்துக்கொண்டு, அவன் தோளை உரசாமல் ஒதுங்கி நடந்தாள். அந்நியர்கள் வந்தால் சுத்தம் செய்கிறவர்கள் எப்படி ஒதுங்குவார்களோ, அப்படி.

அன்று மாலை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டான். "உங்க ஆளுங்களோட நீங்க போங்க" என்றாள். போகாமல் இருந்திருக்கலாம். போனான். மறுநாள் தீவில் இறக்கிவிட்டார்கள். மாவு கொட்டிய மாதிரி மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர். இத்தனை வருடம் அவள் மனதில் வைத்திருந்த கடல். அதில் அவள் தனியாகக் கால் நனைத்தாள். அவன் குடை நிழலில் உட்கார்ந்து பல் டாக்டரின் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு, அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போக நாலு எட்டு. அந்த நாலு எட்டு வைக்க அவன் காலுக்கு வரவில்லை.

இறங்கும் காலையில் போட்ட கையெழுத்தெல்லாம் சேர்ந்து ஒரே தாளாக வந்தது. நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னால் வரிசை நின்றது. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்தாள். விடுதியில் இரட்டை வேலை பார்த்து, துணி துவைக்கும் மெஷின் வாங்க வைத்திருந்த பணம். வீட்டில் வைத்தால் திருடு போகுமென்று கூடவே கொண்டுவந்திருந்தாள். எண்ணி எண்ணி வைத்தும் ஐந்நூறு குறைந்தது. கடைசியாகக் கைப்பையிலிருந்து அந்த மடித்த நோட்டை எடுத்து, நீவி, மேலே வைத்தாள்.

"கடன்தான். திருப்பித் தரணும்" என்றாள் அவனிடம். கப்பலில் அவள் கடைசியாகப் பேசியது அது.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு இல்லாமல் இல்லை. தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, மகள் போன் பண்ணினாளா, எல்லாம் பேசினாள். ஆனால் முன்பெல்லாம் ஓய்வு நாளில் துவைத்த விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடிப்பார்கள். இப்போது ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு அவளே மடித்தாள். அவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். விரிப்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

வேலையிடத்தில் அவனுக்குக் கப்பல் என்றே பெயராகிவிட்டது. "கப்பல், அந்தக் குழாயைக் கொடு", "கப்பல் நங்கூரம் போட்டுடுச்சு, டீ வந்தாத்தான் கிளம்பும்." அவனும் சேர்ந்து சிரிப்பான். கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றியே சொல்லிச் சமாளிப்பான்.

ஒருநாள் நகைக்கடைக்காரர் போனில் வந்தார். "கடை முகப்புக்குப் பெயிண்ட் அடிக்கணும். நம்ம ஆளு நீங்க இருக்கும்போது நான் வெளியே போவேனா?"

"நான் வெளியூர்ல இருக்கேங்க. என் பார்ட்னர் நம்பர் தரேன்" என்று மேஸ்திரி நம்பரைக் கொடுத்துத் தப்பித்தான்.

தப்பித்ததாகத்தான் நினைத்தான். மறுநாள் மேஸ்திரி வேலையிடத்தில் எல்லார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பார்ட்னர் ஐயா வணக்கம்! ஏண்டா கப்பல், இத்தனை வருஷ லாபத்துல என் பங்கு எங்கடா?"

பெயிண்டர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வேலை பெரிய வேலைதான், விட முடியாது. நாளைக்கு அங்க சாரம் கட்டப் போறோம். நீதான் ஏறணும்."

வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பார்ட்னர் கதையையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் சோத்தை அங்க கொண்டு வர்றியா?"

"எதுக்கு? துண்டு வைக்கவா?"

அவன் தட்டையே பார்த்தான். "வா" என்றான்.

"எனக்கு வேலை இருக்கு."

மறுநாள் இரண்டாம் தளத்து உயரத்தில் பலகையில் நின்று குழாய்த் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தான். கீழே நகைக்கடைக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அடடே! வெளியூர்லேருந்து வந்ததும் ஓனரே மேல ஏறிட்டாரா! இதுதாங்க தொழில் பக்தி!"

மேஸ்திரி இருமலில் சிரிப்பை மறைத்தார். இப்போதும் சும்மா இருந்திருக்கலாம். கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டால் வேலை முடிந்தது. அப்போது தெரு முனையில் அவள் வருவது தெரிந்தது. விடுதி மேலங்கியைக்கூட மாற்றாமல், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு.

கடை வாசலில் நகைக்கடைக்காரர் மனைவி நின்றிருந்தாள். மேலங்கியைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"சுத்தம் பண்றவங்க பின்பக்கமா வாங்கம்மா."

அவள் நின்றாள். அண்ணாந்து மேலே பார்த்தாள். அதே பார்வை.

"அது என் சம்சாரங்க!"

மேலிருந்து கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. குழாயைப் பிடித்துச் சரசரவென்று இறங்கினான். முழங்கை சிராய்த்தது.

"இது என் சம்சாரம். நான் பில்டர் இல்லைங்க, சாரம் கட்டுற கூலி. கப்பல்ல ரெண்டு துண்டு வைக்கச் சொன்னீங்களே, அதுவும் இவதான். நான் பக்கத்துலயே நின்னேன். வாயைத் திறக்கல."

நகைக்கடைக்காரர் மனைவி விழித்தாள். "எந்தத் துண்டு? எனக்கு ஞாபகமே இல்லையே."

ஒரு வருடமாக அவன் நெஞ்சில் கிடந்த பாறாங்கல். அவர்களுக்கு அது கால் தூசு.

"அப்ப பார்ட்னர்?" என்று நகைக்கடைக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார்.

"நான்தாங்க இவனுக்குச் சம்பளம் குடுக்கறவன்" என்றார் மேஸ்திரி.

நகைக்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி சரி, வேலையைப் பாருப்பா" என்றார். சற்று முன்புவரை இருந்த 'ங்க' காணாமல் போயிருந்தது. அவன் காது மடல் எரிந்தது. கூட வேலை செய்கிறவர்களில் ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் தூக்கை அவன் கையில் வைத்தாள். "ஆறிடும், சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

மாலையில் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது கொடியிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். அவன் ஓரமாக நின்றான். கையை நீட்டத் துணியவில்லை. அவள் ஒரு முனையை அவன் மேல் வீசினாள்.

"பிடிங்க. தரையில படுது பாருங்க."

பிடித்தான். உதறினார்கள். மூலையோடு மூலை சேர்க்க அவன் கிட்டே வந்தபோது அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"எங்க அந்த ஐந்நூறு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வேர்வையில் நைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கோவம் இன்னும் இருக்கு."

"தெரியும்."

"கணக்கு மட்டும்தான் தீர்ந்துச்சு" என்று சொல்லி, நோட்டை மடித்து இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.