எண்பத்து மூன்றும் அறுபதும்

சட்டைத் தொழிற்சாலையின் முற்றத்தில், காலை எட்டு மணிக்கு, ஆள் குறைந்த வரிசையின் மேல் மட்டும் மழை பெய்யும். கட்டடம் எழுந்த நாளிலிருந்தே அப்படித்தான். வருகைப் பதிவுக்குத் தையல் பிரிவும் இஸ்திரிப் பிரிவும் ஒரே அகல வரிசைகளில் நிற்க வேண்டும். எந்தப் பிரிவின் கடைசி வரிசையில் ஓர் ஆள் குறைந்தாலும் அந்த வரிசை நனையும். இரு பிரிவையும் கலந்து நிறுத்தினால் கலந்த வரிசை நனையும். வருகையைக் குறிக்கும் டைம்கீப்பர் தையலுக்கு வெள்ளைப் பொத்தான், இஸ்திரிக்குக் கறுப்புப் பொத்தான் என்று மேசையில் வைத்து, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வோர் எண்ணாக அடுக்கிப் பார்ப்பார். இரு பிரிவிலும் மீதி விழாத எண்களில் பெரியதை எடுத்துக்கொள்வார். முற்றம் நீளம் குறைவு, வரிசைகளின் எண்ணிக்கை குறைந்தால்தான் எல்லோரும் அடங்குவார்கள். எண்பத்து நான்கு பேர் தையலில், அறுபது பேர் இஸ்திரியில் இருந்தபோது பன்னிரண்டு சரியாக வந்தது. மூன்று ஆண்டுகள் யாருக்கும் குடை தேவைப்படவில்லை.

அந்த எண்பத்து நான்கில் ஒருத்தி அவர் மனைவி. காலர் தைப்பவள். வியாழக்கிழமை காய்ச்சலில் படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். அடுத்த வாரம் அவர் வேலைக்கு வந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினார். இரண்டு முதல் அறுபது வரை எதுவும் ஒத்துவரவில்லை. விடுப்பில் இருப்பவரின் இடத்தைக் காலியாக விட்டால் மழை ஏற்றுக்கொள்ளும். அவள் இடத்தையும் காலியாக விட்டுப் பார்த்தார். ஏற்றுக்கொள்ளவில்லை.

தையலின் கடைசி வரிசை தினமும் தொப்பலாக நனைந்தது. நனைந்தவர்கள் தைத்த துணிகள் ஈரமாகவே இஸ்திரிப் பிரிவுக்குப் போயின. நீங்கள் நனைத்து அனுப்புவதைக் காயவைக்கத் தனிச் சம்பளம் உண்டா என்று, அந்தப் பிரிவின் மூத்தவளான இஸ்திரியக்கா அவரிடம் விளையாட்டாகக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவள் மறுமுறை கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் மேலாளர் அவரைக் கூப்பிட்டார். "புதுசா ஆள் எடுக்க ஆர்டர் இல்லை. தையல்ல மூணு பேரைக் குறைங்க. எண்பதும் அறுபதும், இருபது இருபதா நிக்கலாம். சனிக்கிழமை காலையில பேர் எழுதிக் குடுங்க."

கடைசியாகச் சேர்ந்த மூவர் யார் என்று அவருக்குத் தெரியும். மூவரும் அவர் மனைவியிடம் காலர் பழகியவர்கள். ஒருத்தியின் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். தன் வீட்டுச் சாவு மூன்று வீட்டு அடுப்பை அணைக்கப்போகிறது என்பதை, பேருந்து தாமதமாக வரும் என்பதைப் போல, அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை இஸ்திரியக்கா அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

"எது வரைக்கும் போட்டுப் பாத்தீங்க, தம்பி?"

"ரெண்டுலேர்ந்து அறுபது வரைக்கும்."

"ஒண்ணு?"

"ஒண்ணை யாரும் போட்டுப் பாக்க மாட்டாங்க, அக்கா. வரிசைன்னா பக்கத்துல ஆள் வேணுமே."

"பக்கத்துல இல்லேன்னா என்ன? முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர் இருக்காங்கல்ல. போட்டுப் பாருங்க."

அவர் பொத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். மேசை போதாமல் தரையில் இறங்கி, கதவு வரை வைத்துக்கொண்டே போனார். மீதி விழவில்லை.

சனிக்கிழமை நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒற்றை ஆளாக நின்றார்கள். வரிசை வாயிலைத் தாண்டி, முடிதிருத்தும் கடையைத் தாண்டி, தபால் பெட்டியருகே திரும்பி முடிந்தது. எட்டு மணிக்கு மேகம் வந்தது. முற்றத்தின் மேல் சற்று நின்றது, தெருவழியே வரிசையைத் தலை தலையாகப் பார்த்துக்கொண்டு போனது, தபால் பெட்டி வரை போய்க் கலைந்தது. பேர்ப் பட்டியல் கேட்டு வந்த மேலாளர் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். நனையாத கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, பட்டியலைக் கேட்காமலே, இனி மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடிக்கச் சொன்னார்.

அதன்பின் பலர் சேர்ந்தார்கள், பலர் விலகினார்கள். எண்கள் பலமுறை பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் ஒத்துவந்தன. யாரும் வரிசையை மாற்றவில்லை. அந்த நேரத்தில் வண்டிகள் தாமாகவே அடுத்த தெரு வழியே போகின்றன. டைம்கீப்பர் தினமும் வாயிலிலிருந்து தபால் பெட்டி வரை, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே நடக்கிறார்.